"உப்பு இறங்கிடுச்சாம்": வீட்டில் படுத்திருப்பவரின் எலக்ட்ரோலைட் கணக்கு

"சிஸ்டர், அப்பாவுக்கு உப்பு இறங்கிடுச்சாம். அட்மிட் பண்ணணுமா?"

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பாலியேட்டிவ் குழுவில் நான் நர்ஸ். இந்த போன் அடிக்கடி வரும். கூடவே லேப் ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். சோடியம் 128 என்று இருக்கும், பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி போதும், வீடே கலங்கிப்போக. நான் திருப்பிக் கேட்பது, "அப்பா இப்ப என்ன பண்றார்?" என்பதுதான். "டீ குடிச்சிட்டு டிவி பாக்கறார்" என்று பதில் வந்தால் என் பேச்சு ஒரு மாதிரி போகும். "ரெண்டு நாளா தூங்கிட்டே இருக்கார், என்னையே யாருன்னு கேக்கறார்" என்றால் வேறு மாதிரி. ரிப்போர்ட்டில் இருக்கிற எண் என்னவோ இரண்டு வீட்டிலும் அதே 128தான்.

நோயைக் குணப்படுத்த வழியில்லாத இடத்திலும் ஆளின் அவஸ்தையைக் குறைக்கிற வைத்தியம்தான் பாலியேட்டிவ். அரசு ஆவணங்கள் இதை வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை என்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சேவைகளில் இதுவும் ஒன்று. அப்படி வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற மகளுக்கும் மகனுக்கும் மனைவிக்கும் இந்த ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எந்த உப்பு?

ரிப்போர்ட்டில் வரும் உப்புகள் பல. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட். தண்ணீரில் கரைந்ததும் இவை மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாயும். 1834-இல் மைக்கேல் ஃபாரடே இப்படிப்பட்ட பொருள்களுக்கு எலக்ட்ரோலைட் என்று பெயர் சூட்டினார். உடம்பில் இதற்கு என்ன வேலை என்றால், செல்லுக்கு வெளியே சோடியம் நிறைய, உள்ளே பொட்டாசியம் நிறைய என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இவை உள்ளும் வெளியுமாக இடம் மாறுவதால்தான் நரம்பில் சேதி ஓடுகிறது, தசை சுருங்குகிறது, இதயம் ஒரே தாளத்தில் அடிக்கிறது.

ரத்தத்தில் இவற்றின் இயல்பான அளவு: சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5, கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம். லேபுக்கு லேப் சற்று மாறும். ஒன்றை மட்டும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்: எல்லா எண்ணிலும் ஒரே அளவு வித்தியாசம் ஒரே அளவு ஆபத்து கிடையாது. சோடியம் இரண்டு புள்ளி குறைந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பொட்டாசியம் 4.5-இலிருந்து இரண்டு புள்ளி கூடினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம்.

தீவிர நோயில் இந்தக் கணக்கு ஏன் குழம்புகிறது என்று கேட்டால், குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாப்பாடு இறங்காது. வாந்தி, பேதி. சிறுநீரகம் தளர்ந்திருக்கும். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, ஸ்டீராய்டு, கீமோ என்று மருந்துகள் ஒருபக்கம் இழுக்கும். சில கட்டிகள் தாமே ஹார்மோன் போன்ற பொருளைச் சுரந்து உடம்பை ஏமாற்றும்.

அதனால் எங்கள் குழுவில் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்த எண் தெரிந்தால் நாம் செய்யப்போவது மாறுமா? மாறும் என்றால் ஊசி குத்துவதில் நியாயம் இருக்கிறது. மாறாது என்றால், ஏற்கெனவே நரம்பு கிடைக்காத கையில் நாலு இடத்தில் குத்தி எடுக்கிற அந்த ரிப்போர்ட், வீட்டாருக்கு இன்னொரு இரவுத் தூக்கத்தைக் கெடுப்பதற்குத்தான் பயன்படும்.

சாவைப் போல வேஷம் போடும் கால்சியம்

ஒரே ஒரு உப்பைப் பற்றி மட்டும் எழுது என்று யாராவது சொன்னால் கால்சியத்தைத்தான் எடுப்பேன். புற்றுநோயில் வரும் எலக்ட்ரோலைட் கோளாறுகளில் உயிருக்கு ஆபத்தானதும், சரிசெய்தால் நல்ல பலன் தருவதும், வீட்டார் கண்ணில் படாமல் நழுவுவதும் இதுதான்.

மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். வலிக்கு மார்பின் என்ற வலுவான வலி மருந்தை மாத்திரையாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக மலம் போகவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டுத் தூங்க ஆரம்பித்தார். எழுப்பினால் செத்துப்போன தங்கச்சியின் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். நாங்கள் போனபோது கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "கடைசி நேரம்தான் சிஸ்டர், ஊர்லேர்ந்து எல்லாரையும் வரச் சொல்லிட்டோம்." இன்னொரு குரல், "எல்லாம் அந்த மார்பின் மாத்திரையால வந்தது."

இரண்டு முடிவும் அவசர முடிவு. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி, குழப்பம், தூக்கம். இந்த வரிசை சேர்ந்து வந்தால், அதுவும் சில நாட்களுக்குள் வந்தால், கால்சியத்தைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் தூக்கத்தையும் மார்பினும் தரும் என்பதால் கால்சியம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வீட்டார் மார்பினை நிறுத்துவார்கள், வலி திரும்பும், தூக்கம் தெளியாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், போன் பண்ணுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில் கால்சியம் 11.8. "கொஞ்சம்தானே கூட இருக்கு" என்றார் மகன். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது ஆல்புமின் என்ற புரதத்தின் முதுகில் சவாரி செய்கிறது. மீதி தனியாகச் சுற்றுகிறது. தொல்லை தருவது அப்படித் தனியாகச் சுற்றுவதுதான். நாள்பட்ட நோயில் ஆல்புமின் குறைந்துபோகும். அப்போது மொத்தக் கால்சியம் பார்ப்பதற்குக் குறைவாகத் தெரியும், தனியாகச் சுற்றுவதோ நிறைய இருக்கும். இதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு. ஆல்புமின் 4-இலிருந்து எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கி, ரிப்போர்ட்டில் உள்ள கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கு ஆல்புமின் 2.2. குறைவு 1.8. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.44. கூட்டினால் 13.2. இப்போது கதை வேறு. கணக்கு போடாவிட்டால் கால்சியம் 10.2 என்று நார்மலாகவே அச்சாகி, பக்கத்தில் அம்புக்குறிகூட இல்லாமல் ஏமாற்றிவிடும் ரிப்போர்ட்டுகளும் வரும். கால்சியம் டெஸ்ட் எழுதும்போது ஆல்புமினும் எழுதச் சொல்லுங்கள்.

ஏன் கூடுகிறது? நம் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது, பேங்க் லாக்கரில் வைத்த நகை மாதிரி. பாராதைராய்டு ஹார்மோன் கையெழுத்துப் போட்டால்தான் லாக்கர் திறக்கும். சில புற்றுநோய்க் கட்டிகள் அந்தக் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்படித்தான் கூடுகிறது. மற்றவர்களில் பலருக்கு, எலும்புக்குள்ளேயே பரவிய புற்று லாக்கரை உடைக்கிறது. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தலை கழுத்துப் புற்றுகள், எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்று இவற்றில் இது அதிகம். கூடிய கால்சியம் சிறுநீரகத்தை நீர் பிடிக்க விடாது. நீர் வெளியேற வெளியேற உடம்பு வற்றும், வற்றிய சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாது. ஒன்றை ஒன்று துரத்தும் இந்தச் சுற்றை உடைக்கத்தான் முதலில் நார்மல் சலைன் என்ற உப்புநீர் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்.

அடுத்தது எலும்பின் கதவைச் சாத்துகிற மருந்து. வழக்கமாகச் சோலெட்ரோனிக் ஆசிட் 4 மில்லிகிராம், டிரிப்ஸில் கலந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள், அளவையும் அதை ஒட்டித்தான் முடிவு செய்வார்கள். மறுநாள் லேசான காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டியதில்லை. பல் பிடுங்கிய புண் ஆறாமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாடை எலும்பைப் பாதிக்கும் ஒரு பக்கவிளைவு இந்த மருந்துக்கு உண்டு. முக்கியமாக, இன்று ஏற்றினால் நாளைக்கே தெளியாது. இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும். "ஊசி போட்டும் ஒண்ணும் தேறலையே" என்று இரண்டாம் நாளே டிஸ்சார்ஜ் வாங்கி வந்த வீடுகள் உண்டு.

அந்த அம்மா ஐந்தாம் நாள் காலை கண்ணைத் திறந்து மகளிடம், "காபி போட்டியா இல்லையா?" என்று கேட்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் கொஞ்சம் சங்கடத்தோடு ஊருக்குத் திரும்பினார்கள்.

பாலையும் மோரையும் நிறுத்திவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலான புற்றுநோயாளிகளுக்கு அது தேவையில்லை. கூடுவது எலும்பிலிருந்து, டம்ளரிலிருந்து இல்லை. சாப்பிடுவதே இரண்டு வாய் மோர்ச்சோறு என்றால் அதையும் பிடுங்காதீர்கள். ஆனால் கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி மாத்திரை, தயசைடு வகைப் பிரஷர் மாத்திரை இவற்றைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

சோடியம்: உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

"உப்பு குறைஞ்சிடுச்சு" என்றதும் வீட்டார் செய்வது, கஞ்சியில் இன்னொரு சிட்டிகை உப்பு. சில சமயம் அது சரி. பல சமயம் அதனால் பயனில்லை.

ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. போடும்போதே உப்பு குறைவாகப் போட்டிருக்கலாம். சரியாகப் போட்டும், யாரோ இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். ருசி பார்க்கிற நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். சோடியம் ரிப்போர்ட்டும் அந்த நாக்கு மாதிரி. அடர்த்தியை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

வாந்தியும் பேதியுமாக உப்பையும் நீரையும் இழந்து, நாக்கு வறண்டு, பிரஷர் இறங்கிக் கிடப்பவருக்குச் சலைன் ஏற்றினால் நிமிர்வார். சிறு செல் நுரையீரல் புற்று உள்ளவருக்குக் கட்டியே வேசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகத்திடம் "தண்ணியை விடாதே" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இவருக்குக் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம், வழக்கமாக நாளுக்கு ஒரு லிட்டருக்குள். கல்லீரலோ இதயமோ பழுதாகிக் கால் வீங்கி வயிறு உப்பியிருப்பவர் உடம்பில் உப்பு ஏற்கெனவே கூடுதல், தண்ணீர் அதைவிடக் கூடுதல். இவருக்கு உப்பைக் கூட்டினால் வீக்கம்தான் ஏறும். ஆக ஒரே 124-க்கு மூன்று வைத்தியம், அதில் இரண்டு ஒன்றுக்கொன்று நேரெதிர். காரணம் பார்க்காமல் "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று அடம்பிடிப்பது இதனால்தான் ஆபத்து. வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸில் உப்பு கிடையாது. சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது தண்ணீர்.

மருந்துகளையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். தயசைடு மாத்திரை, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபைன், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், இவை சோடியத்தை இறக்கும். பத்து வருஷமாகப் போடுகிற பிரஷர் மாத்திரையை, பிரஷரே 100-க்குக் கீழே வந்த பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை மருத்துவரைக் கேட்டு நிறுத்தியதுமே ஆள் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கில் ட்யூப் போட்டவர்களுக்குச் சோடியம் இறங்க இன்னொரு வழி உண்டு. வாய்ப் புற்று, தொண்டைப் புற்று நம் பக்கம் அதிகம், ட்யூப் போட்டவர்களும் அதிகம். மனைவி பக்தியோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிய கஞ்சி, பால், ஜூஸ், சத்துமாவு கரைசல் என்று ஊற்றுவார், ஒவ்வொரு முறையும் ட்யூப்பைக் கழுவ ஒரு சிரிஞ்சு தண்ணீர். எதிலும் உப்பு இருக்காது. வாயில் ருசிக்கப்போவதில்லையே, எதற்கு உப்பு என்று விட்டிருப்பார். இங்கே மட்டும் நானே சொல்வேன்: மருத்துவர் உப்பு குறைக்கச் சொல்லியிருக்காவிட்டால் கஞ்சியில் உப்புப் போடுங்கள்.

சோடியம் மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் ஏற்றுவதும் மெல்லத்தான். ஒரு நாளில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைகிற அபாயம் உண்டு. மருத்துவமனையில் வலிப்பு வந்தவருக்கு மட்டும் முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றுவார்கள். 'ஏன் இவ்வளவு ஸ்லோவா போகுது' என்று டிரிப்ஸின் சக்கரத்தைத் திருப்பிவிடும் சொந்தக்காரர்கள் எல்லா வார்டிலும் உண்டு. திருப்பாதீர்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன 128. டீ குடித்துக்கொண்டு டிவி பார்க்கிறவருக்கு, மாத்திரைகளை ஒருமுறை சரிபார்ப்பதைத் தவிர நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அவருக்கு நுரையீரல் புற்று, மிஞ்சியிருப்பது சில வாரங்கள் என்றால், தண்ணீரைக் கட்டுப்படுத்தித் தாகத்தில் தவிக்கவிட்டு 128-ஐ 132 ஆக்குவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குழப்பத்தில் இருப்பவருக்குக் காரணம் தேட வேண்டும். அப்போதும் சோடியத்தை மட்டும் பிடித்துத் தொங்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலம் கட்டுவது, சிறுநீர் அடைப்பு, சர்க்கரை இறங்குவது எல்லாமே ஆளைக் குழப்பும்.

இளநீரும் பொட்டாசியமும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், இளநீர். மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். சோடியம் அதைவிடக் குறைவு. பேதியாகிப் பொட்டாசியம் இறங்கி, கால் தசை இழுத்துப் பிடித்து, வயிறு உப்பிக் குடல் அசையாமல் கிடப்பவருக்கு இது நல்லது. அதே இளநீர் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, அதிலும் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்து வீட்டில் இருப்பவருக்கு, ஒரே மாலையில் இதயத்தை நிறுத்தக்கூடும். உயர்ந்த பொட்டாசியம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. லேசான பலவீனம், நாடி மெதுவாவது, அவ்வளவுதான். ஆகவே சிறுநீரக நோயாளி வீட்டில் இளநீர், பழரசம், தக்காளி சூப் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள், இவர்களுக்கு அது ஆகாது. இந்துப்பு விஷயமும் கேட்பீர்கள். அது பெரும்பகுதி சாதாரணச் சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு.

அதற்காக, இன்னும் சில நாளே என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் "ஒரு வாய் இளநீர்" என்று கேட்டால்? ஒரு வாய் கொடுங்கள். மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவரும் அநேகமாக அதையே சொல்வார்.

பொட்டாசியம் குறைந்தால் எழுதித்தரும் சிரப் வாயில் வைக்க முடியாத கரிப்பு. அப்படியே ஊற்றிக் கொடுத்தால் வயிறு எரியும். ஒரு டம்ளர் தண்ணீரிலோ ஜூஸிலோ கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். ஊசிப் பொட்டாசியத்தை யாரும், எப்போதும், நேராக நரம்பில் தள்ளக் கூடாது. டிரிப்ஸில் கலந்து மெதுவாகத்தான்.

சிரப் குடித்தும் குடித்தும் பொட்டாசியம் ஏறவில்லையா? மக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். மக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சல்லடை போல ஒழுகவிடும். தலை கழுத்துப் புற்றுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, வருஷக்கணக்கில் போடும் பான்டாப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள், தீராத பேதி, மூன்றும் மக்னீசியத்தை இறக்கும். வழக்கமான எலக்ட்ரோலைட் டெஸ்டில் மக்னீசியம் வராது, தனியாக எழுத வேண்டும்.

பாஸ்பேட் பற்றி ஒரு வார்த்தை. உணவுக்குழாய் அடைத்துப் பத்துப் பதினைந்து நாள் பட்டினி கிடந்தவருக்கு ட்யூப் போட்டதும், இத்தனை நாள் சேர்த்து ஊட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். திடீரென்று உணவு நிறையப் போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். மூச்சும் இதயமும் தடுமாறும். முதல் சில நாள் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள், முன்னதாகத் தயமின் என்ற வைட்டமின் கொடுப்பார்கள். டயட்டீஷியன் எழுதிய அளவு உங்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியலாம். அப்படியே பின்பற்றுங்கள்.

வாய் வழியாக, தோல் வழியாக, இல்லை வேண்டாமா

குடிக்க முடிகிறவருக்கு, பேதியோ வாந்தியோ வந்தால், ஓ.ஆர்.எஸ். போதும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். கொஞ்சம் தூளை டம்ளரில் தட்டிக் கலக்குகிற பழக்கம்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். அளவு பிசகிவிடும். பெட்டியில் வரும் இனிப்பான எனர்ஜி பானங்களில் சர்க்கரை ஏராளம், உப்பு பேருக்கு.

குடிக்க முடியாதவருக்கு, நரம்பும் கிடைக்காதவருக்கு, தோலுக்கு அடியில் சலைன் ஏற்றலாம். தொடையிலோ வயிற்றிலோ சின்னப் பட்டர்ஃபிளை ஊசியைச் செருகி மெதுவாக விட்டால் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடம் மெத்தென்று வீங்கும், பிறகு வடியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கடைசி நாட்களில் இது எதுவுமே உதவாத ஒரு கட்டம் வரும். ஆள் தானாகவே குடிப்பதை நிறுத்துவார். அப்போது ரத்தம் எடுத்தால் எல்லா எண்ணும் தாறுமாறாகத்தான் இருக்கும், உடம்பு கடையைக் கட்டுகிறது என்பதற்கு மேல் அதில் சேதி கிடையாது. "தண்ணிகூடக் குடுக்காமயா விடுறது?" என்ற கேள்விதான் வீட்டாரை உலுக்குகிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. 129 புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினம் ஒரு லிட்டர் சலைன், மறு பாதிக்குப் பெயருக்கு 100 மில்லி. அசதியிலோ, குழப்பத்திலோ, வாழ்ந்த நாட்களிலோ இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத தண்ணீர் காலிலும் நுரையீரலிலும்தான் போய்த் தங்கும், மூச்சில் கரகரப்பு கூடும். தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சி. அதற்கு ஒரு லிட்டர் டிரிப்ஸைவிட ஒரு துண்டுப் பஞ்சு மேல்.

வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்கத் தெம்பில்லாதவருக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இருமக்கூடத் தெம்பிருக்காது. பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கிலும் ஒற்றியெடுங்கள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமும் நடந்தமாதிரி இருக்கும், அவருக்கும் மூச்சு அடைக்காது.

காபி கேட்ட அந்த அம்மாவுக்கு ஐந்து வாரம் கழித்துக் கால்சியம் மறுபடி ஏறியது. அதே தாகம், அதே தூக்கம். இதற்கிடையில் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. தெளிவாக இருந்த அந்த நாட்களில் அவரே மகளிடம் சொல்லிவைத்திருந்தார்: "இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாதீங்கடி." மகன் போன் பண்ணி, "போன தடவை மாதிரி ஊசி போட்டா எழுந்திருப்பாங்க இல்ல சிஸ்டர்?" என்றார். எழுந்திருக்கலாம், சில நாளுக்கு, என்றேன். மருத்துவரும் அதையே சொல்லி, இந்த முறை ரத்தம் எடுக்கவே இல்லை. குமட்டலுக்கும் படபடப்புக்கும் தோலுக்கடியில் மருந்து போனது, மார்பினின் அளவு மாறியது. நான் போன அன்று மகள் கட்டிலோரம் உட்கார்ந்து டவராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அதில் பஞ்சை நனைத்துப் பிழிந்து அம்மாவின் கீழுதட்டில் வைத்தாள். நாக்கு மெல்ல வெளியே வந்து அதைத் தேடியது.

"சர்க்கரை போட்டிருக்கேன் சிஸ்டர், பரவாயில்லையா?" என்று கேட்டாள். சர்க்கரை நோய்க்காக எட்டு வருஷமாக அந்த அம்மாவுக்குச் சர்க்கரை போடாத காபிதான். பரவாயில்லை என்றேன்.